சீலமுத்துவோட வள்ளி

ரோடு வராத காலம். மலைத்தண்ணி இறங்கி வந்த தடத்துலயே மனுசனும் மாடும் ஏறி இறங்கின காலம். அந்தக் காலத்துல, மேற்கு மலையோட காலடியில கரட்டூத்துன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருன்னா என்ன பெரிய ஊரு. கரட்டுக்குக் கீழே ஒரு ஊத்து, ஊத்தைச் சுத்திக் கூரை வீடுக, வீடுகளைச் சுத்திச் சோளமும் தினையும். அதுக்கு அங்கிட்டுக் காடு. காட்டுக்குள்ள பன்னி.

பன்னின்னா லேசுப்பட்ட பன்னி இல்லையாம். பாடுபட்டு வளர்த்த வெள்ளாமையை ஒரே பொழுதுல உழுது போட்டுட்டுப் போயிருமாம். "என்னப்பா, உன் உழவை விடப் பன்னி உழவு ஆழமா இருக்கே"ன்னு பக்கத்துக் காட்டுக்காரன் சிரிப்பானாம். மறுவாரம் அவன் காட்டுல வந்து பன்னி ஏர் பூட்டும். அப்ப இவன் சிரிப்பான். சிரிச்சுச் சிரிச்சே பட்டினி கிடந்த ஊருன்னு சொல்லுவாக.

அதனால கரட்டூத்துல வீட்டுக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சாம். பின்னால திறந்து தோட்டா போடுற துப்பாக்கி இல்லை. எல்லாம் வாய்வழியாத்தான். குழல் வாயில மருந்தைக் கொட்டணும், தேங்காய் நாரைத் திணிக்கணும், இடிகம்பியை விட்டு இடிக்கணும். அப்புறம் ஈய ரவை. அதுக்கு மேல மறுபடி நாரு, மறுபடி இடி. கடைசியா, குதிரைன்னு சொல்லுற சுத்திக்கு அடியில கேப்புன்னு ஒரு சின்ன வெடிமூடியை வச்சு விசையை இழுத்தா, குதிரை வந்து கேப்பைத் தட்டும். மருந்து பத்தும். "பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி ஊட்டணும், அப்பத்தான் வாய் திறந்து பேசும்"னு சொல்லுவாக.

வாய்வழியா ஊட்டுறதுல ஒரு சங்கடம் உண்டு. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு கண்ணால பார்க்க முடியாது. நேத்துக் கெட்டிச்ச மருந்தா, முந்தாநாள் கெட்டிச்ச மருந்தா, இல்லை ஒண்ணுமே இல்லையா, குழல் சொல்லாது. அதுக்கு ஊரு ஒரு வழி வச்சிருந்துச்சாம். காவல் முடிஞ்சு விடிய வீடு திரும்புறவன் ஊத்தங்கரையில நிக்கணும். இரும்புக் கம்பியைக் குழலுக்குள்ள நழுவ விடணும். உள்ளே வெறுமையா இருந்தா, இரும்பு போய் இரும்பைத் தொட்டுக் 'கணீர்'னு பாடும். மருந்து இருந்தா 'தொப்'புன்னு ஊமையா விழும். ஊமையா விழுந்தா அங்கனயே கரட்டைப் பார்த்து வெடிச்சுட்டுத்தான் ஊருக்குள்ள காலை வைக்கணும்.

பொம்பளைக அடுப்படியில இருந்தே காது குடுத்துக் கேப்பாகளாம். "அடியே, கம்பி பாடிருச்சு, உலையைப் போடு"ன்னு ஒருத்திக்கு ஒருத்தி குரல் குடுப்பாகளாம். கம்பி பாடுனா வீட்டுக்காரன் நல்லபடியா வந்துட்டான்னு அர்த்தம்.

அந்த ஊருலதான் சீலமுத்து இருந்தான்.

சீலமுத்துவுக்கு ஆத்தா அப்பன் இல்லை. ஒரே வருச வாந்திபேதியில ரெண்டு பேரும் போயிட்டாக. மிஞ்சினது தங்கச்சி பொன்னுருவி, அப்பன் விட்டுட்டுப் போன காடு, அப்பனோட துப்பாக்கி. அவ்வளவுதான். தங்கச்சியை இடுப்புல தூக்கிக்கிட்டே களை எடுத்தவன் சீலமுத்து. அவளுக்குத் தலை வாரி விடுவானாம். வகிடு கோணிப் போயிரும். "அண்ணே, மலைப்பாதை மாதிரி எடுத்திருக்கே"ன்னு அவ சொல்லுவாளாம். வளர்ந்தா, சமைஞ்சா. மூணு வீடு தள்ளித் தவசின்னு ஒரு பய, வாய்த்துடுக்கு, ஆனா உழைப்பாளி, அவனுக்கே கட்டிக் குடுத்துட்டான். தூரமாக் குடுத்தா அவளைப் பார்க்காம இருக்க முடியாதுன்னுதான் அங்கனயே குடுத்தான்னு சொல்லுவாக.

தங்கச்சியைக் கட்டிக் குடுத்த பிறகு சீலமுத்து கல்யாணம் பண்ணலை. வீடு வெறிச்சுன்னு போச்சு. அப்பத்தான் அப்பனோட துப்பாக்கியை எடுத்து மடியில வச்சானாம்.

நல்ல நீளக்குழல். கட்டை மட்டும் உளுத்துப் போயிருந்துச்சு. மலையில இடி விழுந்து சாய்ஞ்ச தோதகத்தி மரம் ஒண்ணு கிடந்துச்சு. அதுல ஒரு துண்டு வெட்டிக் கொண்டாந்து, புதுக் கட்டை செதுக்க ஆரம்பிச்சான். மழைக்காலம் பூராச் செதுக்கினான். தோள்ல வச்சா தோளோட தோளாப் பொருந்தணும், கன்னத்துல வச்சா கன்னம் நோகக் கூடாது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு, கட்டை கருஞ்சிவப்பா, இருட்டுல நிக்கிற குதிரையோட பிட்டம் மாதிரி மினுங்குச்சாம்.

அதோட விட்டானா? விடலை. கட்டையோட ஒரு பக்கத்துல மயில் செதுக்கினான். மயில் தோகைக்குக் கண்ணு கண்ணாச் சங்குச் சில்லு பதிச்சான். குழலைக் கட்டையோட சேர்த்துப் பிடிக்க மூணு பித்தளைப் பூண் போட்டான். குதிரையை அரத்தால ராவி, பறக்கிற கிளி மாதிரி வளைச்சான். ஊருல எவன் துப்பாக்கிக்கு விசை வில்லு ஒடிஞ்சாலும் இவன்கிட்டத்தான் வருவாக, இவனும் சளைக்காம சரி பண்ணிக் குடுப்பான். ஆனா தன் துப்பாக்கியை மட்டும் சரி பண்ணி முடிச்சதா அவன் சொன்னதே இல்லையாம். எப்பப் பார்த்தாலும் அதுல இன்னும் ஒரு வேலை பாக்கி.

பேரும் வச்சான். வள்ளி. தினைப்புனம் காத்தவ பேரு.

ஊரு கேலி பண்ணாம இருக்குமா? "ஏப்பா சீலமுத்து, பரிசம் போட்டுட்ட, நாள் எப்பக் குறிக்கிற?" இது ஊத்தங்கரையில. "சீலமுத்து பொண்டாட்டி சோறு கேக்காது, மருந்துதான் கேக்கும்." இது களத்துமேட்டுல. தவசிதான் எல்லாருக்கும் மேல. வாசல்ல வந்து நின்னு, வள்ளியைப் பார்த்துக் கும்பிடு போடுவானாம். "என்னத்தா, சௌக்கியமா? எங்க மச்சான் உன்னை அடிக்கிறாரா?"

சீலமுத்து சிரிச்சுக்கிட்டே அரத்தைத் தட்டுவான். "போய் உன் பொண்டாட்டியைக் கேளு மாப்ளே, யாரு யாரை அடிக்கிறாகன்னு."

அண்ணனுக்குச் சோறு கொண்டாந்த பொன்னுருவி உள்ளே இருந்து, "என்னை எதுக்கு இழுக்குறீக ரெண்டு பேரும்"பா. அப்படித்தான் அந்த வீடு இருந்துச்சு. அவ்வளவு சந்தோசமா இருந்துச்சாம்.

இப்பத்தான் கேக்கணும் நீங்க. இப்பத்தான் கதை திரும்புது.

துப்பாக்கி பூரா அழகாயிருச்சு. இடிகம்பி மட்டும் பழைய இரும்பு. கருத்துப் போய், கோணிப் போய், குழலுக்கு அடியில செருகி வச்சா, பட்டுச்சேலை கட்டினவ கழுத்துல கயிறு கிடந்த மாதிரி இருந்துச்சாம். அது மட்டுமில்லை. குழலோட உள்பக்கத்தை அவன் சன்ன மணலும் எண்ணெயும் போட்டுக் கண்ணாடியாத் தேய்ச்சு வச்சிருந்தான். இரும்புக் கம்பி போறப்ப வர்றப்பக் கீறல் விழும். ஒவ்வொரு கீறலும் அவன் மேல விழுந்த மாதிரி இருக்குமாம்.

அதனால கருங்காலியில புதுசா ஒரு கோல் கடைஞ்சான். விரல் தடிமன். நுனிக்கு மான்கொம்புல பூண். கொம்பு குழலைக் கீறாது பாருங்க. மேல் நுனியில ஒரு கிளித்தலை, குழலுக்கு வெளியே எப்பவும் எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்குற மாதிரி.

அதை எடுத்துக்கிட்டு மறுநா விடிய ஊத்தங்கரையில நின்னான். எல்லாரும் கம்பி விட்டாக. கணீர், கணீர், கணீர். சீலமுத்து விட்டான். தொப்.

நின்னவுக திரும்பிப் பார்த்தாக.

பெரியமூக்கன்னு ஒரு பெரிய மனுசன், ஊருக்குத் தலைவன் மாதிரி. அவன் கேட்டான்: "என்னப்பா, உள்ளே மருந்து இருக்கா?"

"இல்லைங்க. வெடிச்சாச்சு. இது கொம்பு, கொம்பு பாடாது."

"பாடாத கம்பி எதுக்கு?"

"கீறாதுங்க. பாருங்க, எவ்வளவு வழுவழுப்பு."

பெரியமூக்கன் வாங்கிப் பார்த்தான். கிளித்தலையைத் தடவினான். அழகுன்னா அப்படி ஒரு அழகு. அந்த அழகுதான் அவன் வாயையும் கட்டிப் போட்டுச்சுன்னு சொல்லுவாக. "அழகாத்தான் இருக்கு. ஆனா ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்கே."

"அய்யா, கெட்டிச்சது நான், வெடிக்கிறது நான். என் வள்ளி வயித்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? வேற எவனும் தொடப் போறதில்லையே."

கேட்டவுகளுக்கும் அது நியாயமாப் பட்டுச்சு. சீலமுத்துதான் ஊருத் துப்பாக்கிக்கெல்லாம் வைத்தியன். அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாக. அன்னையில இருந்து எல்லாக் கம்பியும் பாடும், வள்ளி மட்டும் ஊமை. காதுக்கும் அது பழகிப் போச்சு. 'கணீர் கணீர் தொப்'. தொப்புன்னா சீலமுத்து வந்துட்டான்னு அர்த்தம். பொன்னுருவி அடுப்படியில இருந்து, "எங்கண்ணே வந்துருச்சு"ன்னு சொல்லிக்கிட்டே சோத்துல தண்ணியை ஊத்தி வைப்பாளாம்.

அப்படியே ரெண்டு வெள்ளாமை போச்சு.

மூணாவது வெள்ளாமையில, மார்கழி மாசம், சோளம் பால் பிடிச்சு நின்னுச்சு. பொன்னுருவி மாசமா இருந்தா. கல்யாணமாகி வெகுநாள் கழிச்சுத் தங்குன பிள்ளை. சீலமுத்துவுக்குக் கால் தரையில பாவலை. மருமகப் பிள்ளைக்கு இப்பவே கிலுகிலுப்பை செதுக்கி வச்சுட்டான்.

அன்னைக்குக் காவலுக்குப் போனவன் வள்ளியைக் கெட்டிச்சுத் தோள்ல சாய்ச்சுக்கிட்டுப் பரண்ல உட்கார்ந்திருந்தான். பன்னி வரலை. விடியிற நேரம், கிழக்கே வெளுத்து வர்றப்ப, குழலோட நுனியைப் பார்த்தான். நுனியில குறி பார்க்க ஒரு இரும்பு மொட்டு உண்டு. அந்த வெளிச்சத்துல மொட்டு கண்ணுக்குச் சரியாத் தெரியலை. 'இங்கன ஒரு பொட்டு வெள்ளி வச்சா எப்படி இருக்கும்'னு தோணுச்சாம். அவ்வளவுதான். மனசு அங்க போயிருச்சு. வெள்ளியை எப்படி உருக்குறது, எப்படி ஒட்டுறது, எவ்வளவு சன்னமா ராவுறது. நினைச்சுக்கிட்டே இறங்கினான். கேப்பை மட்டும் கழட்டி மடியில சொருகினான், கை தன் பழக்கத்துல செஞ்சுருச்சு. ஊத்தங்கரையில கோலை விட்டான். தொப்.

எப்பவும் போலத் தொப்.

வேற எவன் கம்பியா இருந்தாலும் அந்தத் தொப் அவனைப் பிடிச்சு நிறுத்தியிருக்கும். சீலமுத்துவை நிறுத்தலை. வீட்டுக்குப் போனான், ஆத்தாவோட பழைய மெட்டி ஒண்ணை எடுத்தான், வேலையில உட்கார்ந்துட்டான்.

பொழுது சாயுற நேரம் தவசி வந்தான். அவன் துப்பாக்கிக்கு வில்லு ஒடிஞ்சு, சீலமுத்துகிட்டத்தான் கிடந்துச்சு.

"மச்சான், நம்மது ஆயிருச்சா?"

"எங்க மாப்ளே. இதை முடிச்சுட்டுத் தொடுறேன்."

"இதை முடிச்சு நீங்க எதைத் தொட்டீக? சோளம் பால் பிடிச்சு நிக்குது, மச்சான். உங்க தங்கச்சி அதுல பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு, தண்டைன்னு கணக்குப் போட்டு வச்சிருக்கா. பன்னி தின்னுட்டுப் போச்சுன்னா என்னைக் கொன்னு போடுவா."

சீலமுத்து வெள்ளிப் பொட்டைக் கடைசியா ஒரு தடவை துணியால துடைச்சான். வேலை முடிஞ்ச சந்தோசம். தானம் பண்ணுற மனசு வந்துருச்சு. "வள்ளியைக் கொண்டு போ மாப்ளே."

தவசிக்கே நம்பிக்கை வரலை. "நெசமாவா? என்னைத் தொட விடுவாளா?"

"பதனமா வச்சுக்க. கீழே ஊன்றாத. குறி மொட்டு இன்னைக்குத்தான் வச்சேன்."

"காலிதானே மச்சான்?"

சீலமுத்து கோலை உருவிக் குழலுக்குள்ள விட்டான். தொப்.

"காலிதான்"னான்.

தவசி சிரிச்சான். வள்ளியை மணப்பொண்ணு மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, "வாத்தா, அண்ணன் வீட்டுக்குப் போவோம்"னு சொல்லிக்கிட்டே போனானாம். போற வழியில பொன்னுருவிகிட்டக் காட்டிட்டுத்தான் போனான். அவளும் சிரிச்சா.

இன்னும் வெளிச்சம் இருந்துச்சு. மாடுக வீடு திரும்பிக்கிட்டு இருந்துச்சு. அப்ப மேக்குக் காட்டுல ஒரு சத்தம். துப்பாக்கிச் சத்தம் இந்த ஊருக்குப் புதுசில்லை. ஆனா இது வேற. பாறை பிளந்த மாதிரி இருந்துச்சாம். சத்தம் கேட்டதும் சீலமுத்து கை தானா மடிக்குப் போச்சு. மடியில கேப்பு இருந்துச்சு.

வெடிச்சிருந்தா மடியில கேப்பு ஏது?

ஓடினான். எப்படி ஓடினான்னு யாருக்கும் தெரியாது. சோளத்துக்குள்ளேயே விழுந்து ஓடினான், தட்டை கிழிச்ச காயம் மூஞ்சி பூரா இருந்துச்சுன்னு சொல்லுவாக. இவன் கெட்டிச்ச மருந்துக்கு மேல தவசி ஒரு மருந்து கெட்டிச்சிருந்தான். கோலு குழலுக்கு வெளியே உசந்துதான் நின்னிருக்கும். ஆனா கிளித்தலை எப்பவும் வெளியே நிக்கிறதுதானே, எவ்வளவு உசந்துச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பன்னி வந்துச்சு, விசையை இழுத்தான். ரெண்டு மருந்தும் ஒண்ணாப் பத்திக் குழலோட அடியைப் பிளந்துருச்சு.

தவசி வரப்புல சாஞ்சு கிடந்தான். கழுத்துல இருந்து ரத்தம். சீலமுத்து வேட்டியை அவுத்து அமுக்கினான். அமுக்க அமுக்க வந்துச்சு.

"மச்சான்"னான் தவசி. "ஒரு கேப்புக்கு ரெண்டு இடி இடிச்சா மச்சான் உங்க வள்ளி."

"பேசாத மாப்ளே."

"அவளுக்குச் சொல்லாதீக. மாசமா இருக்கா."

ஊரு தீப்பந்தம் கொளுத்தி வர்றதுக்குள்ள அவன் போயிட்டான்.

ஊரு என்ன சொல்லும்? 'பழைய குழல், துரு ஏறியிருக்கும்'னுச்சு. 'விதி, கரட்டுச்சாமிக்கு ரெண்டு வருசமாப் பொங்கல் வைக்கலை'ன்னுச்சு. பெரியமூக்கனே சொன்னான்: "இரும்புன்னா ஒரு நா வெடிக்கத்தான் செய்யும். நீ ஒண்ணும் சொல்லிக்காத சீலமுத்து." சாகிறவனும் சொல்லாதேன்னுட்டான், உயிரோட இருக்கிறவனும் சொல்லாதேன்னுட்டான். சீலமுத்து ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா அது அப்படியே போயிருக்கும்.

பொன்னுருவி புருசனைப் பார்த்தா. அண்ணனைப் பார்த்தா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"அண்ணே. குடுக்கும்போது காலியாண்ணே?"

சீலமுத்துவுக்கு அவ மூஞ்சி தெரிஞ்சுச்சு, அவ வயிறு தெரிஞ்சுச்சு. வகிடு கோணலா எடுத்து விட்ட அந்தச் சின்னத் தலை தெரிஞ்சுச்சு. பொய் சொன்னா இவ நம்மை விட்டுப் போக மாட்டா. நெசத்தைச் சொன்னா போயிருவா. அவனுக்குன்னு உலகத்துல இருந்தது அவ ஒருத்தி.

"இல்லைத்தா. நான் காலின்னு சொன்னேன். பார்க்காமச் சொன்னேன்."

அவ அழுகை நின்னு போச்சாம். அதுக்கப்புறம் அவனைப் பார்த்து அவ அழுததே இல்லையாம்.

சீலமுத்து வள்ளியோட கட்டையை, மயிலோட, சங்குக் கண்ணோட, சிதை விறகுல கொண்டு போய் வச்சான். யாரும் தடுக்கலை. தோதகத்தி நின்னு எரியிற மரம். எல்லா விறகும் அவிஞ்ச பிறகும் அது எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம். எண்ணெய் குடிச்ச கட்டை.

கருமாதி வந்துச்சு. புருசனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுலதான் கோடிச்சேலை எடுக்கணும். அவளுக்குப் பிறந்த வீடுன்னா யாரு? சீலமுத்துதான். அவன் கையாலதான் அந்த வெள்ளைச் சேலையை அவளுக்குக் குடுக்கணும். இதைவிடக் கொடுமை ஒரு ஆம்பளைக்கு உண்டான்னு கேப்பாக, இந்தக் கதை சொல்றவுக.

சேலையை மடிச்சு ரெண்டு கையிலயும் வச்சு நீட்டினான். பொன்னுருவி வாங்கலை. வாங்கலைன்னா உறவு முறிஞ்சுச்சுன்னு அர்த்தம்.

"விரிச்சுக் காட்டு"ன்னா.

அவனுக்குப் புரியலை.

"உள்ளே என்ன இருக்குன்னு காட்டு."

சேலைக்குள்ள என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சீலமுத்து சேலையைப் பிரிச்சான். முழம் முழமா உதறினான். தலைப்பு வரைக்கும் உதறி, வெறும் துணிதான்னு ஊருக்கு முன்னால காட்டினான். அதுக்கப்புறம்தான் அவ கையை நீட்டினா.

அன்னையில இருந்து அதுதான் வழக்கமாச்சு. தங்கச்சி வீட்டுக்கு நெல்லு கொண்டு போனா, மூட்டையைக் கொட்டிக் காட்டணும். தேன் கொண்டு போனா, கலயத்தைத் திறந்து காட்டணும். வெறுஞ்சட்டி குடுத்தாக்கூடக் கவிழ்த்துக் காட்டணும். "காட்டு"ம்பா. காட்டுவான். வாங்குவா. அந்த ஒரு வார்த்தை தவிர அவனோட வேற வார்த்தை அவ பேசலை. 'பாத்துட்டேன்'னுகூடச் சொல்ல மாட்டா. பார்ப்பா, வாங்குவா, உள்ளே போயிருவா.

பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. காது குத்துக்குத் தாய்மாமன் மடியில உட்கார வைக்கணும். அன்னைக்கும் அவன் ரெண்டு கையையும் விரிச்சு, உள்ளங்கையைக் காட்டினான். அப்புறந்தான் பிள்ளையைக் குடுத்தா.

அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அதுக்கு அது விளையாட்டு. மாமனைத் தூரத்துல கண்டாலே ஓடி வரும். "மாமா, காட்டு"ங்கும். அவன் துண்டை உதறுவான், மடியை அவுப்பான், கடைசியா அதுல இருந்து ஒரு இலந்தைப்பழம் விழும். பிள்ளை சிரிக்கும். அது சிரிக்கிறப்ப அவனும் சிரிப்பான். உள்ளே பொன்னுருவியோட உலக்கைச் சத்தம் ஒரு நிமிசம் நிக்குமாம். அப்புறம் மறுபடி குத்தும்.

ஊருத் துப்பாக்கிகளை அவன் கடைசி வரைக்கும் சரி பண்ணிக் குடுத்தான். ஆனா ஒரு ஆணி கூட அழகுக்குன்னு அடிக்கலையாம். எவனாவது "ஒரு பூப் போட்டுக் குடு மாமா"ன்னு கேட்டா, தலையை மட்டும் ஆட்டுவான். சரி பண்ணினதைக் குடுக்குறப்ப, வாயைக் கீழே கவிழ்த்துக் காட்டி, நிமிர்த்திக் கம்பியை விட்டுப் பாட வச்சுட்டுத்தான் குடுப்பான். அவன் செய்யறதைப் பார்த்து மத்தவுகளும் செய்ய ஆரம்பிச்சாக. முதல்ல துப்பாக்கிக்கு. அப்புறம் எல்லாத்துக்கும்.

வருசம் ஓடிருச்சு. பிள்ளை கட்டிக் குடுக்கிற வயசுக்கு வந்துருச்சு. ஒரு பின்பனிக் காலத்துல சீலமுத்து படுத்துட்டான். நெஞ்சுச்சளி. மேலுக்கு முடியலைன்னு ஊரு போய்ப் பார்த்துட்டு வந்துச்சு. பொன்னுருவி போகலை. போகலையேன்னு ஒருத்தரும் கேக்கலை.

ஒரு நா வெயில் ஏறின நேரம், கும்பா நிறையக் கம்மங்கூழைக் கரைச்சு எடுத்துக்கிட்டு அவ போனா. அண்ணன் வீட்டுப் படியை அவ மிதிச்சு அத்தனை வருசம். தலைமாட்டுல உட்கார்ந்தா. கையால எடுத்து ஊட்டினா. அவன் ஒவ்வொரு வாயா முழுங்கினான். சின்னப் பிள்ளையா இருந்தப்ப அவளுக்கு அவன் ஊட்டின மாதிரியே, வழிஞ்சதைப் புறங்கையால துடைச்சு விட்டா.

கூழ் முடிஞ்சுச்சு. அவ எந்திரிச்சா. போறவ நின்னா.

கும்பாவை அவன் கண்ணுக்கு நேராப் பிடிச்சா. கவிழ்த்தா. ஒரு சொட்டு விழலை.

"பாத்துக்கண்ணே"ன்னா. "ஒண்ணும் இல்லை."

இத்தனை வருசமா அவதான் அவனைக் காட்டச் சொன்னா. அவ அவனுக்குக் காட்டினது அன்னைக்குத்தான். சீலமுத்து கும்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாய் அசைஞ்சுச்சு. என்னமோ சொல்ல வந்தான். சத்தம் வரலை. அவ ரொம்ப நேரம் கும்பாவைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. சத்தம் வரவே இல்லை. அன்னைக்குப் பொழுதோட அவன் போயிட்டான்.

துப்பாக்கியெல்லாம் பிற்பாடு சர்க்கார்ல வந்து வாங்கிக்கிட்டுப் போயிட்டாக. இப்பக் கரட்டூத்துக்கு ரோடு வந்துருச்சு. பன்னிக்குக் கம்பிவேலி போட்டிருக்காக. ஆனா இன்னைக்கும் அந்த ஊருல, சட்டியோ குடமோ, சாக்கோ பெட்டியோ, ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்குப் போகணும்னா, கவிழ்த்துக் காட்டித்தான் குடுப்பாக. வெளியூர்ல இருந்து வாக்கப்பட்டு வர்ற பொண்ணுக பதறிப் போகும். "வெறும் பாத்திரத்தைக் கவுக்காதீக அத்தை, வீட்டுக்கு ஆகாது"ங்கும். மாமியார்க்காரி சிரிப்பா. "உங்க ஊருல ஆகாது. எங்க ஊருல கவுக்காமக் குடுத்தாத்தான் ஆகாது"ம்பா. "நீயும் ஒண்ணு செய்யணும், கேட்டுக்க. உள்ளே பார்க்கணும். பார்த்துட்டு, 'பாத்துட்டேன்'னு வாய் திறந்து சொல்லணும். சொல்லாம வாங்கக் கூடாது."

"எதுக்கு அத்தை சொல்லணும்? பார்த்தாப் போதாதா?"

"ஒருத்தன் சொல்ல வந்து சொல்லாமப் போயிட்டான்த்தா. அவனுக்காகத்தான் நாம சொல்லுறது"ம்பாளாம்.